எதை வாசிக்கலாம் என்று கேட்பவர்களுக்கு

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு விழாவையொட்டிப் பாடசாலை மண்டபத்தில் நிகழ்த்திய உரை)



விழாக் குழுவினர் எனக்குத் தந்த வேலை சின்னதுதான். "பொது வாசகர்களுக்கு ஏற்ற பத்துப் பன்னிரண்டு புத்தகங்களைச் சொல்லுங்கள். எல்லாம் ஒரே மாதிரி இருக்கக்கூடாது. இருபது நிமிடம்." பாடசாலை நூலகத்தைப் பல வருடம் பார்த்துக்கொண்டவள் என்பதால் இதை என்னிடம் கேட்டிருக்கிறார்கள். திருக்குறளும் சிலப்பதிகாரமும் என் பட்டியலில் இல்லை. அவற்றை நாங்கள் பரீட்சைக்காகப் படித்தவர்கள். பரீட்சைக்குப் படித்த நூலோடு திரும்ப உறவு கொண்டாடுவதற்குத் தனியாக ஒரு கூட்டம் வைக்க வேண்டும். இன்று நான் சொல்லப்போவது, பாடத்திட்டத்தின் நினைவு வராமல் கையில் எடுக்கக்கூடிய நூல்களை.

"முந்தி நல்லா வாசிச்சனான், இப்ப ஏலாமல் கிடக்கு" என்று என்னிடம் சொல்லாத பழைய மாணவி இல்லை. கண் பிரச்சினை, நேரப் பிரச்சினை, கைத்தொலைபேசி, எல்லாம் உண்மைதான். அவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது செங்கை ஆழியானின் "ஆச்சி பயணம் போகிறாள்". யாழ்ப்பாணத்துக் கிராமத்து ஆச்சி ஒருத்தி கதிர்காமத்துக்குப் புறப்படுகிறாள். அவ்வளவுதான் கதை. சிரிக்கச் சிரிக்க ஓடும். விட்டுப்போன வாசிப்புப் பழக்கத்தைத் திரும்பப் பிடிப்பதற்குக் கனமான நூலோடு தொடங்குவது, நெடுநாள் நோயில் கிடந்தவருக்கு முதல் நாளே புட்டும் இறைச்சிக் கறியும் கொடுப்பது போன்றது. கஞ்சியில் தொடங்க வேண்டும். ஆச்சி முடிந்தபின் அதே ஆசிரியரின் "வாடைக்காற்று" இருக்கிறது. வாடை பெயரும் காலத்தில் நெடுந்தீவுக் கரையில் வாடி போட்டுத் தொழில் செய்ய வரும் மீனவர்களின் கதை. 1978இல் திரைப்படமாகவும் வந்தது. எழுபதுகளில் வீரகேசரிப் பிரசுரமாக வந்த நாவல்களை விடுதியில் தலையணைக்கு அடியில் வைத்து வாசித்தவர்கள் இந்த மண்டபத்தில் எத்தனை பேர் என்று நான் கேட்கப்போவதில்லை. விடுதிப் பொறுப்பாசிரியை இன்னும் முன்வரிசையில்தான் இருக்கிறா.

பாடசாலையின் நூற்றாண்டைக் கொண்டாடும் நேரத்தில் பாடசாலையைப் பற்றிய இரண்டு நூல்களைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். இரண்டும் எங்கள் நாட்டைப் பற்றியவை அல்ல.

ஒன்று, யப்பானிய எழுத்தாளர் தெத்சுகோ குரோயநாகி 1981இல் எழுதிய நூல். தமிழில் "டோட்டோ சான்: ஜன்னலில் ஒரு சிறுமி" என்ற பெயரில் கிடைக்கிறது. டோட்டோ சான் முதலாம் வகுப்பிலேயே பாடசாலையிலிருந்து விலக்கப்பட்ட பிள்ளை. குற்றம் என்னவென்றால், வகுப்பு நடக்கும்போது யன்னலில் நின்று தெருவில் போகும் வாத்தியக்காரர்களைக் கூப்பிடுவது, மேசையின் மூடியைத் திறந்து திறந்து மூடுவது. அம்மா அவளை இன்னொரு பாடசாலைக்குக் கூட்டிப்போகிறார். அங்கே வகுப்பறைகள் எல்லாம் பழைய ரயில் பெட்டிகள். அதிபர் கொபயாஷி பிள்ளையைத் தன் முன்னால் இருத்தி, "உனக்குச் சொல்ல விருப்பமானதையெல்லாம் சொல்லு" என்கிறார். அவள் நான்கு மணித்தியாலம் கதைக்கிறாள். அவர் ஒரு கொட்டாவி கூட விடாமல் கேட்கிறார். ஆசிரியைமாரே, நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் இது நடக்கிற காரியமில்லை என்று நீங்கள் நினைப்பது எனக்குக் கேட்கிறது. ஆனாலும் அந்தப் பக்கங்களை வாசித்தபின் மறுநாள் வகுப்புக்குள் போகும்போது, யன்னலோரத்துப் பிள்ளையை உங்கள் கண் தேடும்.

அந்தப் பாடசாலை 1945இல் தோக்கியோ மீது நடந்த குண்டுவீச்சில் எரிந்து போனது. எரிவதைப் பார்த்துக்கொண்டு நின்ற அதிபர் தன் மகனிடம், அடுத்து எப்படியான பாடசாலை கட்டலாம் என்று கேட்டதாக நூல் சொல்கிறது. கூரையில்லாத வகுப்பறையிலும், மரநிழலிலும், இன்னொரு பாடசாலையின் பின்னேர வகுப்பிலும் படித்த எங்களுக்கு அந்த இடத்தில் விளக்கம் எதுவும் தேவைப்படாது.

மற்றது, கிர்கிஸ் எழுத்தாளர் சிங்கிஸ் ஐத்மாத்தவின் "முதல் ஆசிரியர்". சோவியத் நாட்டிலிருந்து மலிவு விலையில், நல்ல கட்டோடும் நல்ல அச்சோடும் தமிழ்ப் புத்தகங்கள் எங்கள் கடைகளுக்கு வந்த காலம் உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். அந்த வரிசையில் வந்த சின்ன நூல் இது. பிறகும் மறுபதிப்புகள் வந்திருக்கின்றன. ஒரு மலைக் கிராமத்தில் புதிய பாடசாலைக் கட்டடத்தின் திறப்பு விழா. பிரதம விருந்தினர், அந்த ஊரில் பிறந்து பெரிய கல்விமானாகிவிட்ட அல்தினாய் என்ற பெண். எல்லோரும் மேசையைச் சுற்றியிருந்து அவளைப் புகழ்கிறார்கள். அந்த நேரம் குதிரையில் ஒரு தபாற்காரக் கிழவர் வருகிறார். பழைய மாணவர்கள் அனுப்பிய வாழ்த்துத் தந்திகளைக் கொடுத்துவிட்டு, உள்ளே கூட வராமல் போய்விடுகிறார். துய்ஷேன் என்பது அவர் பெயர். "இவர் ஒரு காலத்தில் எங்களுக்குப் படிப்பித்தவர், தனக்கே ஒழுங்காக எழுத்துத் தெரியாது" என்று மேசையில் சிரிப்பு எழுகிறது. அல்தினாயின் முகம் மாறுகிறது. விழா முடியுமுன்பே ஊரை விட்டுப் போய்விடுகிறாள்.

ஏன் என்பதுதான் மிச்சக் கதை. பழைய குதிரை லாயமொன்றைத் துப்புரவாக்கிப் பள்ளிக்கூடமாக்கியவர் அந்தத் துய்ஷேன். குளிர் காலத்தில் சின்னப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடந்தவர். தாய் தகப்பன் இல்லாத அல்தினாயை அவளுடைய சின்னம்மா முறையானவள் ஒருவனுக்கு இரண்டாந்தாரமாக விற்றபோது, அடிபட்டு இரத்தம் சிந்தியும் அவளை மீட்டுப் படிக்க அனுப்பியவர். நூறு வருடம் நிறைந்த பாடசாலையின் பழைய மாணவிகள், விழாவுக்குப் போகும் வழியில் பேருந்திலோ விமானத்திலோ இருந்து வாசிக்க இதைவிடப் பொருத்தமான நூல் எனக்குத் தெரியாது. வாசித்தபின், எங்கள் மலரில் எவருடைய படம் இல்லை என்று ஒருதரம் புரட்டிப் பார்ப்பீர்கள்.

அடுத்து எங்கள் பெண்கள் எழுதியவை. மங்களநாயகம் தம்பையா எழுதிய "நொறுங்குண்ட இருதயம்" 1914இல் வெளிவந்தது. ஈழத்துத் தமிழ்ப் பெண்ணொருவர் எழுதிய முதல் நாவல்களில் அது வைத்து எண்ணப்படுகிறது. நடை பழையது, கிறிஸ்தவ போதனையும் நிறைய உண்டு. பொறுமையில்லாதவர்களுக்கு நான் இதைச் சிபாரிசு செய்யமாட்டேன். ஆனால் சீதனமும் அந்தஸ்தும் பார்த்துச் செய்த கலியாணத்துக்குள் ஒரு பெண் என்ன பாடுபடுகிறாள் என்று எங்கள் பூட்டி காலத்திலேயே ஒருத்தி உட்கார்ந்து எழுதி அச்சிலும் போட்டிருக்கிறாள் என்பதை அறிய அதைத் தொட்டாவது பார்க்கவேண்டும்.

அதிலிருந்து எழுபத்திரண்டு வருடம் தாண்டி, 1986இல் "சொல்லாத சேதிகள்" வந்தது. சித்திரலேகா மௌனகுருவின் முயற்சியில் யாழ்ப்பாணத்தில் பெண்கள் ஆய்வு வட்டம் வெளியிட்ட கவிதைத் தொகுப்பு. சங்கரி, ஊர்வசி, சிவரமணி முதலானவர்கள் அதில் எழுதியிருக்கிறார்கள். மெல்லிய புத்தகம், ஒரு பின்னேரத்தில் வாசித்துவிடலாம். கவிதை விளங்காது என்று ஒதுங்குபவர்களுக்கும் அது விளங்கும். வீட்டுக்குள்ளும் வீட்டுக்கு வெளியே போர்க்காலத் தெருவிலும் ஒரே நேரத்தில் வாழ்ந்த இளம் பெண்களின் பேச்சு அது. அவர்களில் பலர் எங்கள் வயதுக்காரர். எங்கள் பிள்ளைகளுக்கு அந்த வருடங்களைப் பற்றி வாயால் சொல்ல எங்களுக்கு வராதபோது, இந்தத் தொகுப்பைக் கையில் கொடுக்கலாம்.

இனி, எனக்கு மிக முக்கியமாகப் படும் பகுதிக்கு வருகிறேன்.

எங்களில் பலருக்கு ரொறன்ரோவின் தெருக்கள் மனப்பாடம். லண்டனில் எந்த ரயிலில் ஏறி எங்கே மாறவேண்டும் என்று இங்கிருந்தபடியே சொல்லுவோம். ஹற்றனில் கொழுந்து பறிப்பவர் என்ன நேரம் எழும்புகிறார், மூதூரில் கடலுக்குப் போகிற பெடியன் எதை ஆசைப்படுகிறான் என்று கேட்டால் எங்களுக்குத் தெரியாது. எங்கள் நூலகத்து அலுமாரியும் நெடுங்காலம் அப்படித்தான் இருந்தது. இந்தியாவிலிருந்து வந்த நூல்கள் ஒரு பக்கம், ஆங்கில நூல்கள் ஒரு பக்கம், எங்கள் ஊர்ப் புலவர்கள் ஒரு பக்கம்.

மலையகத்தில் தொடங்குங்கள். கோகிலம் சுப்பையாவின் "தூரத்துப் பச்சை" 1964இல் வந்த நாவல். தமிழ்நாட்டிலிருந்து பிழைப்புத் தேடி மலைநாட்டுத் தோட்டங்களுக்கு வந்தவர்களின் கதையை ஒரு பெண் எழுதினார். அதே 1964இல்தான் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாகி, 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்றும் 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை கொடுப்பதென்றும் இரண்டு அரசாங்கங்கள் பேசி முடித்தன. இன்னும் 1,50,000 பேரின் கதி பிறகு பார்க்கலாம் என்று விடப்பட்டது. கணக்குப் புத்தகத்தில் அவர்கள் தொகையாக இருந்த அதே வருடத்தில் நாவலில் மனிதராக இருந்தார்கள். நாவல் நீளம் என்று நினைப்பவர்கள் என்.எஸ்.எம். ராமையாவின் "ஒரு கூடைக் கொழுந்து" சிறுகதைத் தொகுப்பை எடுக்கலாம். காலைத் தேநீரை ஊற்றிவைத்துக்கொண்டே வாசியுங்கள், பாதகமில்லை.

கிழக்குக்கு வந்தால் வ.அ. இராசரத்தினத்தின் "தோணி". மூதூர்க்காரர். தனக்கென்று ஒரு தோணி வேண்டும் என்று ஏங்கும் சிறுவனின் கதை அது. நான் இதை ஏழாம் வகுப்புக்கு வாசித்துக் காட்டியிருக்கிறேன், சத்தம் போடுகிற வகுப்பு அமைதியானது. அடுத்து எஸ்.எல்.எம். ஹனீபாவின் "மக்கத்துச் சால்வை". 1992இல் வந்த தொகுப்பு. மட்டக்களப்பு மாவட்டத்து முஸ்லிம் மக்களின் பேச்சு, பெருநாள், கோபம், விட்டுக்கொடுப்பு எல்லாம் அதன் கதைகளுக்குள் இருக்கின்றன. 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டபோது எங்கள் வகுப்புகளில் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளும் போனார்கள். வரவுப் பதிவேட்டில் அவர்களுடைய பெயருக்கு நேரே வெறும் கோடு. அவர்களும் எங்கள் பழைய மாணவிகள்தான். இந்த மண்டபத்தில் இன்று அவர்களில் ஒருவராவது இருந்தால் நான் மகிழ்வேன். அந்தப் பிள்ளைகள் எந்த மொழியில் சிரித்தார்கள், வீட்டில் எப்படிக் கதைத்தார்கள் என்று பக்கத்து மேசையில் இருந்தும் நாங்கள் கேட்டதில்லை. ஹனீபாவின் கதைகள் வடக்கைப் பற்றியவை அல்ல. ஆனாலும் அவற்றை வாசிக்கும்போது எனக்கு அந்தக் கோடுகள்தான் நினைவுக்கு வரும்.

சிங்களத்திலிருந்து ஒன்று. மார்ட்டின் விக்கிரமசிங்கவின் "கம்பெரலிய". எம்.எம். உவைஸ் அதைக் "கிராமப் பிறழ்வு" என்று தமிழாக்கினார். தென்மாகாணத்துக் கிராமம் ஒன்றில் பழைய பெரிய வீட்டுக் குடும்பம் கொஞ்சம் கொஞ்சமாக நொடித்துப்போகிறது. அந்த வீட்டு மகள் நந்தாவுக்கு ஆங்கிலம் படிப்பிக்க வரும் பியலின் சம்பந்தம் அந்தஸ்துக் குறைவு என்று மறுக்கப்படுகிறது. பெயர்களை மாற்றிவிட்டு இது வடமராட்சியில் நடந்தது என்றால் நாங்கள் நம்புவோம். வீட்டுக் கூரை ஒழுகினாலும் வெளியாட்களுக்கு முன்னால் தலை குனியாத அந்த அம்மாவை எங்கள் சொந்தத்துக்குள்ளேயே பார்த்திருக்கிறோம்.

இன்னும் கிட்ட, எங்கள் சொந்த ஊருக்குள்ளும் நாங்கள் போகாத தெருக்கள் உண்டு. டொமினிக் ஜீவாவின் தன்வரலாறு "எழுதப்படாத கவிதைக்கு வரையப்படாத சித்திரம்". சாதியின் பேரால் நேர்ந்த அவமதிப்பால் சின்ன வயதிலேயே பள்ளிக்கூடத்தை விட்டவர், யாழ்ப்பாண நகரத்துச் சலூன் ஒன்றிலிருந்து 1966இல் "மல்லிகை" என்ற இலக்கிய இதழைத் தொடங்கி நானூறு இதழ்களுக்கு மேல் நடத்தினார். தெருத் தெருவாகத் தானே கொண்டுபோய் விற்றார். அவரிடமிருந்து மல்லிகை வாங்கியவர்கள் இங்கே இருப்பீர்கள். பாடசாலை என்றால் எல்லோருக்கும் இனிமையான நினைவு என்று நாங்கள் விழாக்களில் பேசிக்கொள்கிறோம். சிலருக்கு அது வேறு விதமாக இருந்தது. இந்த நூல் ஆங்கிலத்திலும் வந்திருப்பதால் தமிழ் வாசிக்கத் தெரியாத பேரப்பிள்ளைகளுக்கும் கொடுக்கலாம்.

பெரிய நூல் ஒன்றாவது வேண்டும் என்பவர்களுக்கு உ.வே. சாமிநாதையரின் "என் சரித்திரம்". தடிப்பைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 1940 முதல் ஆனந்த விகடனில் வாராவாரம் வந்தது, ஆகவே ஒவ்வோர் அத்தியாயமும் ஒரு இருப்புக்குத்தான். 1942இல் அவர் காலமானதால் கதை பாதியில் நிற்கிறது. முதல் அத்தியாயங்கள் மெதுவாகப் போகின்றன என்று தோன்றினால் அவர் மாயூரத்துக்குப் போய் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேரும் இடத்திலிருந்து தொடங்குங்கள், பாவமில்லை. படிப்புக்காக ஒரு இளைஞன் பட்ட பாட்டை இவ்வளவு உயிரோடு சொன்ன நூல் தமிழில் குறைவு. எங்கள் சிறுப்பிட்டியில் பிறந்த சி.வை. தாமோதரம்பிள்ளையும் அதில் வருகிறார். ஏடுகளைத் தேடி இரண்டு பேர் ஒரே காலத்தில் அலைந்தால் நட்பும் இருக்கும், கொஞ்சம் உரசலும் இருக்கும். இரண்டையும் ஐயர் மறைக்கவில்லை. குறை ஒன்று சொல்லலாம்: ஏறத்தாழ முழுவதும் ஆண்களின் உலகம். சமைத்துப் போட்ட பெண்களின் சரித்திரத்தை எவரும் விகடனில் தொடராகப் போடவில்லை.

ஏடு தேடிய கதையை வாசிக்கும்போது எங்களுக்கு வேறொரு நினைவும் வரும். 1981 மே 31 இரவு எரிக்கத் தொடங்கிய யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. அது எல்லோருக்கும் தெரியும். எவரும் கணக்கெடுக்காதது, 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோது வீடுகளில் விட்டுப்போன புத்தகங்கள். அன்று மழை. பிறப்புச் சான்றிதழ், பங்கீட்டு அட்டை, பரீட்சைச் சான்றிதழ், ஒரு சோடி உடுப்பு, இவ்வளவுதான் சைக்கிளில் ஏறின. திரும்பி வந்தபோது சில வீடுகளில் அலுமாரி இருந்தது, உள்ளே கறையான் மண் இருந்தது. வேறு சில வீடுகளில் அலுமாரியே இல்லை. அதனால்தான் நான் இன்று சொன்ன நூல்களில் சில உங்கள் வீட்டில் ஒரு காலம் இருந்தும் இன்று இல்லை.

தேடுவதற்கு வழி உண்டு. 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் இணைய நூலகத்தில் ஈழத்து நூல்களும் பழைய சஞ்சிகைகளும் ஆயிரக்கணக்கில் இலவசமாகக் கிடக்கின்றன. மல்லிகை இதழ்களும் அங்கே உண்டு. கைத்தொலைபேசியைக் குறை சொல்லும் அக்காமார் அதே கைத்தொலைபேசியில் இதைத் திறந்து பார்க்கலாம். எழுத்தைப் பெருப்பித்தும் வாசிக்கலாம், கண்ணாடி தேட வேண்டியதில்லை.

வெளிநாட்டில் வேலையும் பிள்ளைகளுமாக ஓடுபவர்களுக்கு அ. முத்துலிங்கத்தின் "உண்மை கலந்த நாட்குறிப்புகள்". கொக்குவிலில் பிறந்து, பல நாடுகளில் வேலை பார்த்து, கனடாவில் குடியேறியவர். எந்தப் பக்கத்தைத் திறந்தும் தொடங்கலாம். ரயிலில் நாலு தரிப்பிடத்துக்குள் ஓர் அத்தியாயம் முடியும், சிரித்துக்கொண்டு இறங்குவீர்கள். பிள்ளைகளுக்குத் தமிழ் கேட்டால் விளங்கும், வாசிக்கத் தெரியாது என்றால் மஹாகவியின் "குறும்பா"வை வாங்குங்கள். 1966இல் வந்தது. ஐந்தே வரிகளில் ஒரு குறும்பு. தொலைபேசியில் அம்மம்மா ஒன்றைச் சொல்ல, அடுத்த கிழமை பேத்தி அதைத் திருப்பிச் சொல்லலாம். சில குறும்பாக்கள் சின்னப் பிள்ளைகளுக்கு ஏற்றவை அல்ல, அவற்றை அம்மம்மா தனியாக வாசித்துக்கொள்ளட்டும்.

மரம், பறவை, ஆறு என்று விருப்பமுள்ளவர்களுக்குத் தியடோர் பாஸ்கரனின் கட்டுரைகளைச் சொல்லி முடிக்கலாம். "இன்னும் பிறக்காத தலைமுறைக்காக" என்பது அவற்றில் ஒன்று. எங்கள் மைதானத்து வேம்பில் இருக்கும் பறவைக்கு என்ன பெயர் என்று அதை வாசித்த பிள்ளை கேட்கத் தொடங்கும். பதில் தெரியாவிட்டால் விலங்கியல் ஆசிரியையிடம் அனுப்பிவிடுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். சங்கத்தின் வெளிநாட்டுக் கிளைகள் பாடசாலை நூலகத்துக்குப் புத்தகம் அனுப்ப விரும்புவதாகத் தலைவி சொன்னா. மிகவும் நன்றி. தயவுசெய்து பழைய ஆங்கிலக் கலைக்களஞ்சியங்களையும் பரீட்சை வழிகாட்டிகளையும் அனுப்ப வேண்டாம். அவை எங்களிடம் போதியளவு உண்டு, இடமும் இல்லை. நான் சொன்னவற்றில் ஒன்றை வாங்குங்கள், முதலில் நீங்கள் வாசியுங்கள், பிறகு முதற்பக்கத்தில் உங்கள் பெயரையும் படித்த வருடத்தையும் எழுதி அனுப்புங்கள். "தோணி"யும் "டோட்டோ சானு"ம் ஒவ்வொன்றும் ஐந்து பிரதி தேவை. இருக்கிற ஒரு பிரதிக்கு இப்போதே பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள்.